விபூதி வாங்காத கை: மணிக்கட்டு முறிவும் அசைவுப் பயமும்

மணிக்கட்டு முறிந்து, பிளாஸ்ரர் கழற்றி இரண்டு மூன்று கிழமையான ஒருவர் கோயிலுக்கு வந்தால், ஐயர் விபூதி கொடுக்கும் நேரம் அவருடைய கையைப் பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்காது, பக்கவாட்டாகவே நிற்கும். அந்தக் குறையை நிரப்ப முழங்கையை விலாவுக்குள் இடுக்கி, தோளைச் சரித்து, கடைசியில் இடுப்பையே வளைப்பார். மடு மாதா கோயிலில் நற்கருணைக்குக் கை ஏந்துகிறவருக்கும் இதே பாடுதான். அதே ஆள் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட நெல்லில் கோழி ஏறியதைக் கண்டு "சூ" என்று கையை வீசட்டும். அப்போது அந்தக் கை இன்னும் பத்துப் பதினைந்து பாகை கூடத் திரும்பும். திரும்பியது அவருக்கே தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பத்துப் பதினைந்து பாகையைப் பற்றியது. மூட்டு இறுகிப்போனதால் திரும்பாத அளவு ஒன்று இருக்கிறது. திரும்பக்கூடியதை உடம்பு விடாமல் பிடித்து வைத்திருக்கும் அளவு இன்னொன்று. முதலாவதுக்குப் பயிற்சித் தாள் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டாவதுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. "பயப்பிடாமச் செய்யுங்கோ" என்ற ஒரு வசனத்தோடு சரி. பயப்படாதே என்று சொல்லிப் பயம் போன ஆளை வன்னியில் மட்டுமல்ல, எங்கும் காண முடியாது.

1990 இல் மருத்துவ எழுத்தில் இதற்குக் கினிசியோஃபோபியா என்று பெயர் வைத்தார்கள், தமிழில் அசைவுப் பயம் என்று வைத்துக்கொள்வோம். அளக்க 17 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் உண்டு. ஆகக் குறைந்த புள்ளி 17, ஆகக் கூடியது 68, 37 ஐத் தாண்டினால் பயம் கூட என்று எடுப்பது வழக்கம். நல்ல கருவிதான். ஆனால் ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ விடிய பஸ் ஏறி வந்து கிளினிக் வாங்கில் இருக்கிற ஒருவரிடம் 17 கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை. ஒரு கேள்வி போதும்: "கையை அசைச்சா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறியள்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதில் ஆளுக்கு ஆள் வேறு. பதிலுக்கு ஏற்றபடிதான் வேலையும் வேறு.

அடிக்கடி வரும் பதில், "பொருந்தினது விட்டுப் போகும்."

"பிள்ளை, உது திரும்ப விட்டுப் போகாதோ?"

"ஆறு கிழமை ஆச்சுதம்மா. எக்ஸ்ரேயிலயும் பொருந்தினது தெரியுது. நீங்கள் உங்கட பலத்தில மெல்ல மடக்கிறதால விடாது."

"அப்ப ஏன் இப்பிடி நோகுது?"

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதுக்கு மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பார். நோகிறதென்றால் ஏதோ பிழைக்கிறது என்பதுதான் வாழ்நாள் முழுக்க எல்லோரும் கற்ற பாடம். இங்கே அந்தப் பாடம் பொருந்தாது என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

காரணம் இதுதான். விழுந்து கையூன்றும்போது பெரும்பாலும் முறிவது, முன்கையில் பெருவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பின் மணிக்கட்டுப் பக்க முனை. கையின் பின்புறமாகச் சரிந்து முறிவதைக் கொலிஸ் முறிவு என்பார்கள். அபிரகாம் கொலிஸ் என்ற அயர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் 1814 இல், எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்னர், தொட்டுப் பார்த்தே விவரித்தது. அந்த இடத்து எலும்பு பாண் மாதிரித் துவாரம் துவாரமானது, இரத்தவோட்டம் நிறைய. அதனால் நன்றாகப் பொருந்தும். இரண்டு மூன்று கிழமையில் மென்மையான பசை எலும்பு, ஆறு கிழமையளவில் கையின் சொந்த அசைவைத் தாங்கும் கெட்டி எலும்பு. ஆனால் இந்த ஆறு கிழமையும் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கியிருக்கும், தசைநார்கள் தம் பாதையில் வழுக்காமல் ஒட்டிக் கிடக்கும், வீக்கம் உள்ளே தேங்கியிருக்கும். மாரி முழுக்கத் திறக்காத கேற்றின் பிணைச்சல் முதல்நாள் கிரீச்சிடுவது கேற் உடைவதால் அல்ல. பிளாஸ்ரர் கழற்றிய கையில் வரும் நோவும் பெரும்பாலும் இழுபடுகிற நோ, முறிகிற நோ அல்ல. போதாக்குறைக்கு, அடிபட்ட இடத்தின் நரம்புகள் மாதக்கணக்கில் காவல் நாய் மாதிரி விழித்திருக்கும். தபால்காரனுக்கும் குரைக்கும்.

"பிளேட் கழண்டிடும்" என்பவருக்கு வேறு பதில். சத்திரசிகிச்சை செய்து எலும்பில் உள்ளங்கைப் பக்கமாக வைக்கும் பிளேட்டில் ஆணிகள் தகட்டோடேயே பூட்டுப்படும். அதை வைப்பதன் நோக்கமே நேரத்தோடு அசைக்கத் தொடங்குவதுதான். பல சத்திரசிகிச்சையாளர்கள் ஒன்று இரண்டு கிழமையிலேயே மணிக்கட்டை மெல்ல அசைக்கச் சொல்வார்கள். பிளேட் வைத்தும் ஆறு கிழமை அசைக்காமல் இருந்தால், சத்திரசிகிச்சையால் கிடைத்த இலாபத்தைப் பயத்துக்கு வட்டியாகக் கட்டியதாகும். வெளியே நுனி தெரியும் கம்பி குத்தியிருந்தால் கதை வேறு. கம்பி இருக்கும் நாலு தொடக்கம் ஆறு கிழமையும் மணிக்கட்டு அசையாது, ஆனால் விரல்கள் அசைய வேண்டும்.

"திரும்ப விழுவன்" என்பவருக்குக் கையில் பயமில்லை, நிலத்தில்தான் பயம். பாசி பிடித்த கிணற்றடி, மழை பட்ட சீமெந்துத் திண்ணை, வழுக்கும் வரம்பு, கிரவல் ரோட்டில் சறுக்கும் மோட்டார் சைக்கிள். எங்கே விழுந்தார் என்று கேட்டு அந்த இடத்தைத் திருத்தாமல் கைக்குப் பயிற்சி கொடுத்துப் பிரயோசனமில்லை. கிணற்றடியைப் பிளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சுங்கள். அடி தேய்ந்த செருப்பை எறியுங்கள். இரவில் வெளியே போகும் வழிக்கு ஒரு பல்ப் போடுங்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து விநாடி நின்று பழகுங்கள். ஐம்பது வயது தாண்டியவர் நின்ற உயரத்தில் இருந்து விழுந்தே மணிக்கட்டு முறிந்திருந்தால், எலும்பு நலிவு இருக்கிறதா என்று கிளினிக்கில் கேட்பதும் இதோடு சேர்ந்த வேலை. எலும்புக்கு வேண்டிய கல்சியத்துக்குக் குரக்கனும் நெத்தலியும் வன்னிச் சந்தையில் தட்டுப்பாடில்லை.

இன்னொரு பதில் உண்டு. அது வாயால் வராது. கேள்வி கேட்டதும் மூச்சு நிற்கும், தோள் காதுக்குக் கிட்ட ஏறும். 2009 போரைக் கடந்து வந்த உடம்புகளில் பழைய காயம், உள்ளே கிடக்கும் செல் துண்டு, வேறு யாருக்கோ நடந்ததைப் பார்த்த நினைவு எல்லாம் சேர்ந்தே கிடக்கின்றன. புதிய நோ பழையதைத் தட்டும். அவரிடம் "சின்ன முறிவுதானே" என்று சொல்வது அநியாயம். கையைத் தொடுமுன் கேட்டுத் தொடுங்கள். அசைவை அவரே தொடங்கி அவரே நிறுத்தட்டும். நித்திரையும் கெட்டுப் போயிருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் ஒரு துண்டு எழுதுவிப்பது வெட்கப்படும் விடயமல்ல.

பயத்தோடு வேலை தொடங்குமுன் பயம் அல்லாதவற்றைக் கழித்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டு ஆளைப் "பயந்தாங்கொள்ளி" ஆக்கிவிடக் கூடாது. உள்ளங்கையை மேசையில் குப்புற வைத்துப் பெருவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். நேற்று வரை தூக்க முடிந்தது, இன்று சுத்தமாக முடியவில்லை என்றால் பெருவிரலைத் தூக்கும் தசைநார் அறுந்திருக்கக் கூடும். முறிவு பெரிதாக விலகாத கைகளிலும், சில கிழமை கழித்து, நோவே இல்லாமல் இது நடக்கும். பெருவிரல், சுட்டு விரல், நடு விரல் மூன்றும் விறைத்து, இரவில் எழுப்பினால் நரம்பு நெரிபடுகிறது. பெருவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியை அமத்தும்போது உயிர் போகிறதென்றால், மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் ஒன்றான படகெலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பியிருக்கலாம். கை எரிகிற மாதிரி நொந்து, தோல் பளபளத்து, நிறமும் சூடும் மாறி, வியர்த்து, சீலை பட்டாலே தாங்க முடியவில்லை என்றால் அது சிஆர்பிஎஸ் என்ற நரம்பு நோவுக் கோளாறாக இருக்கலாம். நேரத்தோடு சொன்னால் திருப்புவது லேசு. அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதீர்கள். கம்பி குத்திய இடத்தில் சீழ், காய்ச்சல். பிளாஸ்ரருக்குள் பனடோலுக்கும் கேட்காமல் ஏறிக்கொண்டே போகும் நோ, விரல் நீலம் பாய்தல். கடைசியாகச் சொன்னதுக்கு அடுத்த நாள் வரை காத்திருக்கவே கூடாது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அதற்குத்தான் இருக்கிறது.

இவை இல்லை என்றால், மிச்சம் பயமும் இறுக்கமும்தான்.

பயம் எப்போது விதைபடுகிறது

பிளாஸ்ரர் கழற்றிய பிறகு அல்ல, போட்ட அன்றே. "கவனம், ஆட்டாதை" என்று வீட்டில் எல்லோரும் அன்பாகச் சொல்வார்கள். ஆட்டக்கூடாதது மணிக்கட்டு மட்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆறு கிழமை ஸ்லிங்கிலேயே தொங்கிய கைக்கு மணிக்கட்டோடு தோளும் சேர்ந்து இறுகும். பிளாஸ்ரர் உள்ளங்கையின் மடிப்பு ரேகையோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டி விரல் மூட்டை மூடியிருந்தால் கேட்டு வெட்டுவியுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பத்துத் தடவை ஐந்து நிலை: விரல்களை நேராக நீட்டுதல், நுனி இரண்டு மூட்டை மட்டும் கொக்கி போல மடித்தல், முழுப் பொத்தல், விரலடியில் மட்டும் மடித்து மேசை போலப் பிடித்தல், பிறகு நுனி மடங்காமல் விரல்களை உள்ளங்கையில் தொடுதல். முழங்கையை நீட்டி மடக்குங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். முதல் கிழமை கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், மோதிரம் அன்றே கழற்றப்படட்டும்.

சொற்களும் விதைதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து "நொறுங்கிப் போச்சு", "வளைஞ்சுதான் பொருந்தியிருக்கு" என்று சொல்லும் ஒரு வசனம் ஆறு மாதம் காதுக்குள் நிற்கும். அறுபத்தைந்து தாண்டியவர்களில் எலும்பு சற்று வளைந்து பொருந்தினாலும், ஒரு வருடத்தில் அன்றாட வேலைக்குக் கை நன்றாகவே உதவும் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாமே.

பிளாஸ்ரர் வெட்டும் வாளின் சத்தத்துக்கே பலர் கையை இழுப்பார்கள். அதன் சில்லு சுற்றுவதில்லை, இரண்டு பக்கமும் வேகமாக அதிரும். கெட்டியானதை வெட்டும். தோல் அதிர்வோடு சேர்ந்து ஆடுவதால் வெட்டுப்படாது. சூடு தெரிந்தால் சொல்லுங்கள், நிறுத்தி வெட்டுவார்கள். உள்ளே இருந்து வரும் கை மெலிந்து, செதில் உரிந்து, மயிர் கூடி, சின்ன விரல் பக்க எலும்பு துருத்திக்கொண்டு, வேறு யாருடையதோ போலத் தெரியும். இது எல்லோருக்கும் இப்படித்தான். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதித் திடுக்கிடல் குறையும்.

தொடுவதில் இருந்து

அசைக்கவே மறுக்கும் கைக்கு முதல் வேலை அசைவு அல்ல, தொடுகை. ஒரு பேசினில் உழுந்தைக் கொட்டி அதற்குள் கையை மணிக்கட்டுவரை புதைத்து ஐந்து நிமிடம் அளையுங்கள். உழுந்து வழுவழுப்பானது. அது பழகியதும் அரிசி. பிறகு நெல், சுணை உள்ளதால் கொஞ்சம் குத்தும். கடைசியில் மணல். உழுந்தைப் பிடிக்க விரல் மடங்கும், கிளற மணிக்கட்டு திரும்பும். பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பில்லாமலே பயிற்சி நடந்துவிடும். தோலுக்கு நல்லெண்ணெய் மெல்லத் தடவுவது நல்லது. ஆனால் முறிவு நெரிவு பார்க்கிறவரோ வீட்டுப் பெரியவரோ "இறுக்கத்தை எடுக்கிறன்" என்று பிடித்து இழுத்து மடக்க விடாதீர்கள். பிறர் பலத்தில் மடங்கும் கை எதிர்த்து இறுகும், வீங்கும், அடுத்த நாள் தொடவே விடாது. முறையான பயத்தை ஒரே நாளில் உண்டாக்க இதைவிட நல்ல வழியில்லை.

கண்ணாடி இன்னொரு வாசல். 1990களில் தமிழரான மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் மாய நோவுக்குப் பயன்படுத்திக் காட்டிய முறை இது. இரண்டு கைக்கும் நடுவே, நெஞ்சுக்கு நேரே, ஒரு சுவர்க் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். முறிந்த கை கண்ணாடிக்குப் பின்னால், நல்ல கை முன்னால். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாம் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூளை ஏமாறாது. நல்ல கையை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டு கண்ணாடிக்குள் தெரியும் கையைப் பாருங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இரண்டு மூன்று நாளில் பின்னால் இருக்கும் கையையும் அதே அளவுக்கு, நோகாத எல்லைக்குள், கூட அசைக்கலாம். தலை சுற்றினால், நோ கூடினால் நிறுத்திவிட்டு, கண்ணை மூடி அசைப்பதாக நினைப்பதில் இருந்து தொடங்குங்கள்.

இனி மணிக்கட்டு. முதலில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டு வையுங்கள், விறைத்த கைக்குச் சூடு தெரியாது. முன்கையை மேசையில் வைத்து, அடியில் மடித்த துவாய் கொடுத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். மேலே தூக்குங்கள், ஐந்து விநாடி, கீழே விடுங்கள். பத்துத் தடவை. தூக்கும்போது விரல்கள் தளர்வாகப் பொத்தியிருக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். விரலை நீட்டிக்கொண்டு தூக்கினால் விரலை நீட்டும் தசை வேலையைத் திருடிவிடும், மணிக்கட்டைத் தூக்கும் தசை நித்திரை கொள்ளும். பக்கவாட்டுக்கு, மேசையில் கொஞ்சம் கோதுமை மா தூவி உள்ளங்கையை வைத்து, வாகனக் கண்ணாடியைத் துடைக்கும் தடி போல இடம் வலம்.

விபூதி வாங்கும் திருப்பல்தான் ஆகப் பிந்தி வருவது. கதிரையில் நிமிர்ந்து இருந்து, முழங்கையை விலாவோடு வைத்து, இடையில் ஒரு சுருட்டிய துவாயை இடுக்குங்கள். துவாய் விழுந்தால் தோள் கள்ளம் செய்கிறது என்று அர்த்தம். கையில் ஒரு சிரட்டை அகப்பை. முதலில் காம்பைச் சிரட்டைக்குக் கிட்டப் பிடித்துத் திருப்புங்கள், பாரமில்லை. நாட்கள் போகக் காம்பின் நுனிக்குப் பிடியை நகர்த்துங்கள். தூரம் கூடக் கூட அதே அகப்பையே பாரமாகி, கையைத் தானே இன்னும் கொஞ்சம் திருப்பும். பத்துத் தடவை, நாளுக்கு நாலைந்து முறை. கை கும்பிடுவதும் பயிற்சிதான். நெஞ்சுக்கு நேரே உள்ளங்கைகளைச் சேர்த்து, சேர்ந்தபடியே மெல்ல வயிற்றுப் பக்கம் இறக்குங்கள். உள்ளங்கைகளின் அடிப்பகுதி பிரியத் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள்.

பந்து பற்றி ஒரு சொல். நாள் முழுக்க ரப்பர் பந்தைப் பொத்திப் பொத்தி "பயிற்சி செய்யிறன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டை அசைக்கப் பயந்தவர்கள். பந்து பொத்த மணிக்கட்டு அசையத் தேவையில்லை. பிடி வேண்டுமென்றால் ரொட்டிக்குக் குழைத்த மா ஒரு தோடம்பழ அளவு எடுங்கள். உருட்டுங்கள், தட்டுங்கள், பிசையுங்கள், முறுக்குங்கள். முடிந்ததும் அதையே சுட்டுச் சாப்பிடலாம், கை கழுவியிருந்தால்.

நோவுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். பூச்சியம் தொடக்கம் பத்து வரை வைத்தால், செய்யும்போது நாலு வரை ஏறலாம். ஒரு மணித்தியாலத்தில் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். அடுத்த நாள் விடிய வீக்கமோ நோவோ கூடியிருந்தால் அன்று பாதி செய்யுங்கள். பாதி, பூச்சியம் அல்ல. பூச்சியமாக்கிய நாள்தான் பயம் வளர்வது. மறுபக்கம், நல்ல நாளில் மூன்று நாள் வேலையையும் சேர்த்துச் செய்து, பிறகு நாலு நாள் கட்டிலில் கிடப்பது. சிறுபோக அறுவடை வந்தால் இந்த வருத்தம் வன்னி முழுக்க வரும். பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னர் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு போடலாம். சுகதேகியான பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது. ஈரல் வருத்தமோ குடியோ மிக மெலிந்த உடம்போ இருந்தால் வைத்தியரைக் கேட்டே போட வேண்டும்.

ஏணி

பயத்தைக் குறைப்பது பயிற்சி அல்ல, பயந்த காரியத்தைச் செய்து பார்ப்பது. ஒரு பழைய கொப்பியில் கைக்குப் பயமான வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயம் பத்தில் எத்தனை என்று போடுங்கள். தேத்தண்ணிக் கோப்பை தூக்குதல் இரண்டு. பிட்டுக்கு மாக் குழைத்தல் நாலு. திருவலையில் தேங்காய் துருவுதல் ஆறு. இடியப்ப உரல் அமத்துதல் ஏழு. மோட்டார் சைக்கிள் கிளச் ஏழு. கிணற்று வாளி எட்டு. நிலத்தில் கையூன்றி எழும்புதல் ஒன்பது. மண்வெட்டி பத்து. பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். இடது கை முறிந்தவர் கொப்பியில் எழுதாத ஒன்றும் உண்டு, மலசலகூடத்தில் கழுவுதல். கிளினிக்கில் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. ஆனால் அதற்கு மணிக்கட்டு நன்றாக மடங்கவும் திரும்பவும் வேண்டும், அதைப் பற்றிய கூச்சம் நோவைவிடப் பெரிது. கேட்டு எழுதுவியுங்கள். தண்ணீர் பீச்சும் ஒரு கைக்குழாய் வைத்தால் இடைக்காலம் சமாளிக்கலாம்.

மூன்று நாலு பயமுள்ள வேலையில் தொடங்குங்கள். ஒன்றிலும் இரண்டிலும் தொடங்கினால் ஒன்றும் கற்க மாட்டீர்கள். எட்டில் தொடங்கினால் ஓடிவிடுவீர்கள். செய்யுமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்: "கோப்பை கையால நழுவும்", "சடக்கெண்டு கேக்கும்". செய்த பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். பயம் பாதியாகும்வரை தினமும் அதே படி. பாரத்தையும் வேகத்தையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கிணற்று வாளியை எடுத்துக்கொள்வோம். நேரே கிணற்றடிக்குப் போக வேண்டாம். ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் கால்வாசித் தண்ணீர். முழங்கையை மடித்து, நிமிர்த்திப் பிடித்து, வாயில்வரை நடந்து வாருங்கள். பயம் இறங்கினால் அரைவாசி, பிறகு முழுவதும். ஒன்றரைக் கிலோ வந்துவிட்டது. அடுத்தது ஐந்து லீற்றர் கான், இரண்டு கையாலும். இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு கிழமையை ஒட்டி, எலும்பு பாரம் தாங்கும் என்று வைத்தியர் சொன்ன பிறகு. கப்பியில் வெறும் வாளியை இறக்கி ஏற்றுங்கள். அதில் பாரம் இல்லை, ஆனால் கயிறு பிடி மாறும் திடீர் இழுவை இருக்கிறது. கைக்குப் பழக்க வேண்டியது அந்த இழுவைதான். பிறகு வாளியின் கால்வாசி. மோட்டார் சைக்கிளும் இப்படித்தான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் போடாமல், கிளச்சை இருபது தடவை இழுங்கள். வலது கை முறிந்தவருக்கு முன் பிரேக்கும் எக்சிலேற்றர் திருப்பலும். யோசிக்காமல் சடாரென்று முழுப் பிரேக் பிடிக்க முடியாதவரை ஏ9 பக்கம் போகக் கூடாது. இது பயமல்ல, புத்தி.

அளந்து வையுங்கள். பயந்த ஆளுக்குத் தன் முன்னேற்றம் தெரியாது, இலக்கம்தான் காட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் கணிதப் பெட்டியில் பாகைமானி இருக்கும். ஞாயிறு விடிய, அதே மேசை, அதே நேரம், மேலே எத்தனை, கீழே எத்தனை என்று கலண்டரில் குறியுங்கள். சுகமான மணிக்கட்டு மேலே ஏறக்குறைய 70, கீழே 80 பாகை போகும். ஆனால் வீட்டு வேலையில் பெரும்பகுதிக்கு 40 உம் 40 உம் போதும். முழுவதும் வராவிட்டால் வாழ்க்கை போச்சு என்று நினைப்பவருக்கு இந்த 40 பெரிய ஆறுதல். முதல் மூன்று மாதம் வேகமாகக் கூடும், அதன் பிறகும் ஒரு வருடம் வரை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

கடைசிப் படி நிலம். கதிரையில் வாழ்கிறவர்களுக்காக எழுதிய பயிற்சித் தாள்களில் இது இருக்காது. பாயில் படுத்து எழும்புகிறவருக்கு இதுதான் பரீட்சை. எழும்பும்போது உள்ளங்கை முழுதாக ஊன்றி, மணிக்கட்டு பின்னுக்கு வளைந்து, உடம்பின் பாரம் அதில் இறங்கும். விழுந்த அன்று முறிந்த அதே நிலை. பயம் ஏன் இங்கே உச்சத்தில் நிற்கிறது என்று கேட்கத் தேவையில்லை. ஆகவே சுவரில் தொடங்குங்கள். ஒரு முழ தூரத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சளவில் சுவரில் வைத்துச் சாய்ந்து நிமிருங்கள், பத்துத் தடவை. இது எட்டாம் கிழமை அளவில், வைத்தியரின் சொல்லோடு. காலைப் பின்னுக்கு எடுக்க எடுக்கப் பாரம் கூடும். பிறகு மேசை விளிம்பு, பிறகு கதிரை இருக்கை, பிறகு திண்ணை, பிறகு பாய். எடை பார்க்கும் தராசு கிடைத்தால் மேசையில் வைத்து உள்ளங்கையால் அமத்தி முள்ளைப் பாருங்கள். இன்று மூன்று கிலோ, அடுத்த கிழமை ஐந்து. உள்ளங்கை இன்னும் முழுதாக வளையாதவர் பொத்திய கையை ஊன்றலாம், மணிக்கட்டு நேராக நின்று பாரம் தாங்கும்.

பொய்க்காலோடும் ஊன்றுகோலோடும் நடக்கிறவருக்கு மணிக்கட்டு முறிந்தால் இந்த ஏணி தலைகீழாகிறது. அவருக்குப் பாரம் ஊன்றுவது கடைசிப் படி அல்ல, முதல் நாளே தேவை. கைப்பிடியில் பாரம் போடும் சாதாரண ஊன்றுகோலை விட்டு, முழங்கையை மடித்து முன்கையைக் கிடத்திப் பாரம் போடும் தட்டு வைத்த கோலைக் கேட்டு வாங்க வேண்டும். முன்கை கிடக்கும் தட்டுக்குப் பஞ்சு சுற்றி, பிளாஸ்ரரின் விளிம்பு அதில் இடிபடாதபடி வெல்க்ரோவால் கட்டி, முழங்கை செங்கோணத்தில் நிற்க உயரம் பிடிக்க வேண்டும். உயரம் குறைந்தால் முதுகு கூனும், கூடினால் தோள் ஏறும். முதல் இரண்டு நாளும் பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும். பிடிக்க வேண்டியது கையை அல்ல, இடுப்புப் பட்டியை.